காலில் பலத்த அடிபட்ட கோழியைத் தேற்றுவது எப்படி?

கோழிக்குக் காலில் அடிபட்டால் நம் கண் அந்தக் காலை விட்டு நகராது. எங்கள் செவலைப் பெட்டை கம்பி வலையில் மாட்டிக் காலை முறித்துக்கொண்ட அன்று எனக்கும் அப்படித்தான் ஆனது. கட்டைப் பார்த்துப் பார்த்துப் போட்டேன். தண்ணீர்க் கிண்ணம் அதற்கு எட்டாத தூரத்தில் இருந்ததை மறுநாள் காலையில்தான் கவனித்தேன். எலும்பு ஒன்றுசேரச் சுமார் மூன்று வாரம் ஆகும். அதுவரை கோழி குடிக்க வேண்டும், தின்ன வேண்டும், அழுக்கில் கிடக்கக் கூடாது. பெரிய வேலை அதுதான்.

முதலில் பிரித்து வையுங்கள்

ரத்தத்தைக் கண்டால் கூடவே வளர்ந்த கோழிகளும் கொத்தும். அதனால் உடனே தனியே எடுங்கள். துரத்த வேண்டாம். மேலே ஒரு துண்டைப் போட்டு, சிறகுகள் உடம்போடு ஒட்டியிருக்கும்படி சுற்றித் தூக்குங்கள். கோழிக்கு நமக்கு இருப்பதுபோல மூச்சை இழுக்கும் உதரவிதானத் தசை கிடையாது. நெஞ்செலும்பு அசைந்தால்தான் மூச்சு உள்ளே போகும். பயத்தில் அது திமிறும், நாமும் இறுக்கிப் பிடிப்போம், அதிலேயே மூச்சு முட்டிவிடும். இருட்டான, கதகதப்பான ஒரு பெட்டியில் சிறிது நேரம் விட்டால் தானாக அடங்கும்.

காயத்தைப் பாருங்கள்

ரத்தம் வந்தால் சுத்தமான துணியை வைத்து ஐந்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நடுவில் எடுத்து எடுத்துப் பார்த்தால் ரத்தம் நிற்காது. அப்புறம் அரை லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஒரு தேக்கரண்டி உப்பைத் தலைதட்டிப் போட்டுக் கரைத்து, அதை ஊற்றிக் காயத்தைக் கழுவுங்கள்.

இரண்டு கால்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தொடையிலிருந்து விரல் வரை மெதுவாகத் தடவினால் வீக்கமும் சூடும் வளைவும் கைக்குத் தெரியும். கடைசியாக உங்கள் சுண்டுவிரலைக் கோழியின் பாதத்தில் வையுங்கள். விரல்கள் மடங்கிப் பிடித்தால் நல்ல அறிகுறி.

எலும்பு வெளியே தெரிந்தாலோ, பாதம் சில்லிட்டுக் கறுத்தாலோ, முறிவு செதில் இல்லாத மேல்காலில் இருந்தாலோ, நாயோ பூனையோ கடித்திருந்தாலோ அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் கொண்டு போங்கள். கடித்த இடம் வெளியே ஊசி குத்தியதுபோல் இருக்கும், உள்ளே ஆழமாக இருக்கும்.

எல்லா நொண்டலும் அடிபட்டதால் வருவதில்லை. சில மாதமே ஆன கோழி காயம் எதுவும் இல்லாமல் ஒரு காலை முன்னும் ஒரு காலைப் பின்னும் நீட்டிக் கிடந்தால் மேரக்ஸ் என்ற நோயாக இருக்கலாம். அதற்குக் கட்டுப் போட்டுப் பயனில்லை. உள்ளங்காலில் கறுப்புப் பொருக்கும் வீக்கமும் இருந்தால் சீழ் பிடித்திருக்கிறது என்று அர்த்தம்.

சிம்பு வைத்துக் கட்டுதல்

செதில் மூடிய கீழ்க்காலில் தோல் கிழியாத முறிவு, மருத்துவரைப் பார்க்க நேரமாகும் என்றால் மட்டும் இதைச் செய்யுங்கள். காலைச் சுற்றி மெல்லிய பஞ்சு. அதன் மேல் இரண்டு பக்கமும் ஐஸ்கிரீம் குச்சி. முறிவுக்கு மேலேயும் கீழேயும் உள்ள மூட்டுகள் அசையாதபடி, தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் பேண்டேஜை இழுக்காமல் சுற்றுங்கள். விரல் நுனிகள் வெளியே தெரிய வேண்டும். ஒரு மணி நேரம் கழித்து அவற்றைத் தொட்டுப் பாருங்கள். குளிர்ந்தோ வீங்கியோ இருந்தால் கட்டு இறுக்கம், அவிழ்த்துவிட்டு மறுபடி சுற்றுங்கள். பிறகு தினமும் இரண்டு முறை இதே சோதனை.

நம் வீட்டு வலி மாத்திரையை உடைத்துக் கொடுக்காதீர்கள். மருத்துவர் கோழியின் எடைக்கு ஏற்பத் தருவார். முட்டையை எத்தனை நாள் சாப்பிடக் கூடாது என்றும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்று வாரப் பராமரிப்பு

திரும்பிப் படுக்க இடம் இருந்தால் போதும், நடக்க இடம் வேண்டாம். வெறும் செய்தித்தாள் வழுக்கும், நல்ல காலும் விரிந்துபோகும். பழைய துண்டோ, கனமாகப் பரப்பிய வைக்கோலோ நல்லது. தண்ணீரும் தீவனமும் படுத்தபடியே அலகு எட்டும் உயரத்தில் இருக்கட்டும். குடிக்கவில்லை என்றால் அலகின் நுனியைத் தண்ணீரில் தொட்டுக் காட்டுங்கள். வாயைத் திறந்து ஊற்றாதீர்கள். மூச்சுக்குழலின் வாய் நாக்குக்குப் பின்னாலேயே இருக்கிறது, தண்ணீர் நேராக நுரையீரலுக்குப் போய்விடும்.

ராத்திரி கழுத்தடியில் உள்ள தீனிப்பையைத் தொட்டுப் பாருங்கள். நிறைந்திருக்க வேண்டும், காலையில் காலியாகியிருக்க வேண்டும். சமையலறைத் தராசில் தினமும் எடை பார்த்துக் குறித்து வையுங்கள். முட்டையிடும் கோழிக்குக் கிளிஞ்சல் தூள் தனிக் கிண்ணத்தில் வேண்டும். ஒரு முட்டை ஓட்டுக்குச் சுமார் 2 கிராம் கால்சியம் போகிறது, தீனியில் போதவில்லை என்றால் எலும்பிலிருந்துதான் எடுத்துக்கொள்ளும்.

படுத்தே கிடக்கும் கோழியின் பின்பக்கம் எச்சத்தால் நனைந்துவிடும். ஈ மொய்த்தால் புழு வைத்துவிடும். நான் தினமும் வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவித் துவட்டிவிட்டு, இறகுகளை விலக்கித் தோல் வரை பார்ப்பேன். நெஞ்செலும்பு முனையில் சிவந்திருந்தால் படுக்கையை இன்னும் மெத்தென்று ஆக்குங்கள். ஒவ்வொரு முறையும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

நிமிர்ந்து உட்கார முடியாமல் சாய்ந்துகொண்டே இருந்தால் தொட்டில் உதவும். ஒரு துணியில் இரண்டு காலுக்கும் பின்பக்கத்துக்கும் ஓட்டை போட்டு, ஒரு பெட்டியின் இரு ஓரங்களில் கட்டுங்கள். பாதம் தரையை லேசாகத் தொட வேண்டும். ஒரு தடவைக்கு அரை மணி நேரம், பக்கத்திலேயே இருங்கள். செவலை முதல் நாள் சிறகை அடித்துத் தீர்த்தது. மூன்றாம் நாள் தொட்டிலிலேயே தீவனத்தைக் கொத்தியது.

இவ்வளவு செய்தும் தின்ன மறுத்து, எடை விழுந்துகொண்டே போய், கண்ணை மூடியே கிடந்தால் அது வலியில் இருக்கிறது. வலியில்லாமல் அதை விடுவிப்பது பற்றி மருத்துவரிடம் பேசுங்கள். எனக்கும் ஒரு முறை அப்படிப் பேச வேண்டி வந்தது. அந்தக் கோழியை அதற்கு முன்பே கொண்டுபோயிருக்க வேண்டும் என்று இன்றும் நினைக்கிறேன்.

மறுபடி கூட்டத்தோடு

கட்டை அவிழ்த்ததும் மூட்டு விறைப்பாக இருக்கும், சில நாள் தடுமாறும். முதலில் வலைக்கு அந்தப் பக்கமாக வைத்து மற்றக் கோழிகள் பார்க்கும்படி விடுங்கள். அப்புறம் சாந்தமான ஒன்றை மட்டும் துணைக்கு விடுங்கள், கடைசியில் எல்லாவற்றோடும் சேருங்கள். அடையும் கொம்பைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு இறக்குங்கள், குதித்து இறங்கும்போதுதான் மறுபடி அடிபடும். வாரம் ஒரு முறை நல்ல காலின் உள்ளங்காலையும் திருப்பிப் பாருங்கள். இத்தனை நாளும் முழு எடையையும் தாங்கியது அதுதான்.