ஜெல்லில் ஒன்றும் தெரியவில்லையா? இ1 நொதியைத் திட்டுவதற்கு முன்

“நொதி செத்துப்போச்சு சார், புதுசு வாங்கணும்.” புரதச் சிதைவு ஆய்வுக்குப் புதிதாக வரும் மாணவர்களிடம் நான் அதிகம் கேட்ட வாக்கியம் இது. பல தடவை நொதி நன்றாகத்தான் இருந்திருக்கிறது. அதைச் சுற்றி நாம் செய்த வேலையில்தான் கோளாறு.

நான் சொல்வது இ1 வகையைச் சேர்ந்த யுபிஏ1 என்கிற மனித நொதியை. மனித மரபணுவைப் பாக்டீரியாவிலோ பூச்சி செல்லிலோ புகுத்தி, மறுசேர்க்கை முறையில் தயாரித்துக் குப்பியில் விற்கிறார்கள். சிதைய வேண்டிய புரதத்தின் மேல் யூபிக்விட்டின் என்ற 76 அமினோ அமிலச் சீட்டை ஒட்டும் வேலையில் முதல் ஆள் இதுதான். செல்லின் எரிபொருளான ஏடிபியைச் செலவழித்து யூபிக்விட்டினைத் தன் சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தில் ஏற்றிக்கொள்ளும், அப்புறம் இ2 நொதிக்குக் கைமாற்றும். இலக்குப் புரதத்தில் அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது இ3. இந்த ஏற்பாட்டைக் கண்டறிந்ததற்காகத்தான் சீக்கனோவர், ஹெர்ஷ்கோ, ரோஸ் மூவருக்கும் 2004ல் வேதியியல் நோபல் கிடைத்தது.

ஆளை அதிகம் ஏமாற்றும் தவறு, புரதங்களை எடைவாரியாகப் பிரித்துக் காட்டும் ஜெல்லுக்குப் போகும் கடைசி நிமிடத்தில் நடக்கிறது. இ1, இ2 ஆகியவற்றின் சிஸ்டீனில் யூபிக்விட்டின் தொங்குவது தையோயெஸ்டர் என்ற கந்தகப் பிணைப்பில். டிடிடியோ மெர்காப்டோஎத்தனாலோ (இரண்டும் ஒடுக்கும் பொருட்கள்) கலந்த வழக்கமான சாயத்தை ஊற்றிக் கொதிக்க வைத்தால் அது அறுந்துவிடும். யுபிஇ2டி வகை இ2 தனியாக 17 கிலோடால்டனில் (புரத எடையின் அலகு) நிற்கும். யூபிக்விட்டின் ஏறினால் 25 பக்கம் ஒரு பட்டை தெரிய வேண்டும். டிடிடி சாயத்தில் அந்த 25 காணாமல் போய் 17 மட்டும் மிஞ்சும். மாணவர் “வேலை செய்யவில்லை” என்று நோட்டில் எழுதிவிடுவார்! ஒரே கலவையைப் பாதி டிடிடியுடனும் பாதி டிடிடி இல்லாமலும் பக்கத்துப் பக்கத்துக் குழிகளில் ஓட்டிப் பாருங்கள். டிடிடி இல்லாத குழியில் மட்டும் 25 வந்தால் இ1 உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம்.

அடுத்தது ஏடிபி. டைசோடியம் உப்பைத் தண்ணீரில் கரைத்தால் பிஎச் 3 பக்கம் போய் நிற்கும். சோடியம் ஹைட்ராக்சைடு விட்டு 7க்குக் கொண்டுவராமல், அதை 20 மில்லிமோலார் ட்ரிஸ் பஃபரில் 5 மில்லிமோலார் அளவுக்குச் சேர்த்தால், பிஎச்சை நிலையாக வைக்க வேண்டிய பஃபர் தாங்காது. நானும் ஒரு வாரம் இப்படித் தொலைத்திருக்கிறேன். ஒரு துளியைப் பிஎச் தாளில் வைத்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். ஏடிபியோடு சேர்ந்து வேலை செய்யும் மக்னீசியத்தையும் மறக்கக் கூடாது. சுத்திகரித்த இலக்குப் புரதத்தோடு ஈடிடிஏ வந்து சேர்ந்தால், நீங்கள் போட்ட மக்னீசியத்தை அது பிடித்துக்கொள்ளும்.

அளவு விஷயத்தில் மில்லிகிராமை நம்பாதீர்கள். இ1 சுமார் 118 கிலோடால்டன், யூபிக்விட்டின் 8.6. ஒரு மில்லிக்கு 1 மில்லிகிராம் என்றால் இ1 ஏறக்குறைய 8.5 மைக்ரோமோலார்தான், யூபிக்விட்டினோ 117. இ1 நொதிக்கு 50 முதல் 100 நானோமோலார் வழக்கமாகப் போதும். பட்டை மங்கலாக இருக்கிறதே என்று விலை உயர்ந்த இ1ஐ அள்ளிக் கொட்டுவது வீண் செலவு. இ2, யூபிக்விட்டின் இவற்றின் அளவை முதலில் பாருங்கள்.

சேமிப்பைப் பற்றி எல்லோருக்கும் தெரியும், ஆனால் யாரும் செய்வதில்லை: வந்த அன்றே ஐஸில் உருக்கி, சின்னச் சின்னப் பங்காகப் பிரித்து, மைனஸ் 80ல் வையுங்கள். வோர்டெக்ஸ் கருவியில் குலுக்க வேண்டாம்.

சரி, இப்போது ஜெல்லின் மேல்பகுதியில், பட்டைகள் ஒன்றோடொன்று கலந்து பரவிய அழகான இழுவல் வந்துவிட்டது. உடனே கொண்டாட வேண்டாம். பல இ3 நொதிகள் தம் மேலேயே யூபிக்விட்டினை ஒட்டிக்கொள்ளும். யூபிக்விட்டினை அடையாளம் காட்டும் ஆன்டிபாடி மட்டும் போட்டால் அது இலக்குப் புரதமா இ3 தானா என்று சொல்லவே முடியாது. இலக்கு இல்லாத குழி, ஏடிபி இல்லாத குழி, இ1 இல்லாத குழி மூன்றையும் வைத்து, இலக்குக்கான ஆன்டிபாடியையும் போட்டுப் பார்த்த பிறகுதான் நான் நம்புவேன்.

யூபிக்விட்டின் ஏறிவிட்டது என்பதாலேயே புரதம் சிதைந்துவிடும் என்றும் இல்லை. லைசின் 48 (யூபிக்விட்டினின் 48ஆவது அமினோ அமிலம்) வழியாக ஒன்றன்மேல் ஒன்றாக யூபிக்விட்டின் ஏறி நீளும் சங்கிலி சிதைவுக்கு அனுப்பும். லைசின் 63 சங்கிலி பெரும்பாலும் வேறு வேலைக்கு. எந்த இ2ஐ எடுத்தீர்கள் என்பது இதைப் பெரிதும் மாற்றும். சிதைவையே காட்ட வேண்டுமானால் புரதத்தைத் துண்டாக்கும் இயந்திரமான புரோட்டியசோமும் வேண்டும். அதன் மையப் பகுதியான 20எஸ் மலிவு என்று அதை வாங்கி, சங்கிலி ஏறிய புரதத்தோடு கலந்து காத்திருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். சங்கிலியை அடையாளம் காணும் 19எஸ் தொப்பி அதில் கிடையாது. ஆர்டர் போடும்போதே தொப்பியோடு கூடிய 26எஸ் என்று கேளுங்கள், அதற்கும் ஏடிபி தனியாக எடுத்து வையுங்கள்.