வாசிகசாலை மண்டபத்தில் ஆசியப் படம்: தெரிவிலிருந்து திரை வரை

ஊர் வாசிகசாலையில் படம் பார்க்கும் வட்டம் ஒன்று தொடங்கி ஆசியப் படங்கள் காட்டுவதானால், பத்து நாடுகளிலிருந்து பத்துப் படங்களை எடுத்து மாதம் ஒன்றாகப் போடலாம் என்பதுதான் பலருக்கும் முதலில் தோன்றும். அப்படிச் செய்யாதீர்கள். ஒரே ஒரு யப்பானியப் படம் பார்த்தவருக்கு அதில் எது அந்நாட்டு வழக்கம், எது அந்த இயக்குநரின் குணம், எது கதைக்காகச் சேர்த்தது என்று பிரித்தறிய வழியில்லை. ஒரு நாட்டின் படங்கள் மூன்றையாவது தொடர்ந்து பார்த்தால்தான் பிடிபடும். மாதம் ஒரு படம் என்றால் வருடத்துக்கு நான்கு நாடுகள். அது தாராளம்.

இரண்டாவது, விருதுப் பட்டியலிலிருந்து தொடங்காமல் வீட்டு விஷயத்திலிருந்து தொடங்குங்கள். சாவீடு, சாப்பாடு, வீடு யாருக்கு, வயதுபோன தாயை யார் பார்ப்பது: இவற்றைச் சுற்றி நடக்கும் படங்களுக்கு மட்டக்களப்பு, அம்பாறை ஊர்களில் விளக்கவுரை அதிகம் தேவைப்படாது. படம் மெதுவாகப் போகிறதே, சனம் எழும்பிப் போய்விடுமோ என்ற பயமும் வேண்டாம். விடிய விடியக் கூத்துப் பார்த்துப் பழகிய ஊர்களுக்கு இரண்டு மணித்தியாலப் படம் நீளமில்லை. எழுத்தை வாசிக்க முடியாதபோதும் சத்தம் விளங்காதபோதும்தான் ஆட்கள் எழும்பிப் போகிறார்கள். அதைப் பிறகு பார்ப்போம்.

எந்தப் படங்கள்

யப்பானிலிருந்து தொடங்குவதானால் ஹிரோகசு கொரே-எடாவின் மூன்று படங்களை இந்த வரிசையில் எடுங்கள்: ஸ்டில் வோக்கிங் (2008), லைக் ஃபாதர் லைக் சன் (2013), ஷொப்லிஃப்டர்ஸ் (2018). மூன்றாவது படம் கான் திரைப்பட விழாவின் முதன்மை விருதான தங்கப் பனையை வென்றது. ஆனால் முதலில் அதைப் போட்டால் மற்ற இரண்டின் அடக்கமான அழகு எடுபடாமல் போகும்.

ஸ்டில் வோக்கிங் ஓர் ஆண்டுத் திவசத்தில் நடக்கிறது. கடலில் மூழ்கிய ஒரு சிறுவனைக் காப்பாற்றப் போய் இறந்த மூத்த மகனின் நினைவுநாள். பிள்ளைகள் குடும்பத்தோடு வருகிறார்கள், தாய் சமைக்கிறாள், பின்னேரம் கல்லறைக்குப் போகிறார்கள். வெளிப்பார்வைக்கு அவ்வளவுதான். நம் பகுதியில் இதைப் பார்ப்பவர் ஒரு விஷயத்தை உடனே கவனிப்பார். மகள் தன் கணவன் பிள்ளைகளோடு தாய் வீட்டுக்கே வந்து இருக்க விரும்புகிறாள். தாய்க்கு அதில் விருப்பமில்லை. குடிவழி தாய்வழியாகப் போகும், வீடு பெண்பிள்ளைக்குப் போகும், மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வரும் மட்டக்களப்புப் பிரதேசத்தில் இது தலைகீழ். தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இங்கே இந்த வழக்கம் பொது. ஆகவே அந்தத் தாய் ஏன் தயங்குகிறாள் என்ற கேள்வியிலிருந்து யப்பானியக் குடும்பத்தில் மூத்த மகனுக்குள்ள இடம், தகப்பனின் தொழிலை எடுத்து நடத்தும் கடமை எல்லாம் தானாக வெளிவரும். ஐரோப்பிய விமர்சகர் கவனிக்காமல் கடந்துபோகக்கூடிய இடம் இது. நம் ஊர்ப் பெண்கள் முதலில் கேட்பதே இதைத்தான்.

ஒரு கவனம்: அந்தப் படத்தில் கடலில் இறந்தவனைப் பற்றிய பேச்சு வந்துகொண்டே இருக்கும். நாவலடி, கல்லடி, பாண்டிருப்பு, மருதமுனை போன்ற கரையோர ஊர்களில் 2004 டிசம்பர் 26 சுனாமியில் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் வந்து இருப்பார்கள். அறிவித்தலிலேயே ஒரு வரி எழுதிவிடுங்கள்.

இதே கேள்வியை வேறொரு நாட்டில் தொடர விரும்பினால் தாய்லாந்துப் படமான ஹவ் டு மேக் மில்லியன்ஸ் பிஃபோர் கிரான்ட்மா டைஸ் (2024). பாங்கொக்கில் வாழும் சீன வம்சாவளிக் குடும்பம். புற்றுநோய் வந்த அம்மம்மாவைப் பார்க்கப் பேரன் வந்து நிற்பது வீட்டை நினைத்துத்தான். வீடு யாருக்குப் போகிறது என்பதை முன்கூட்டிச் சொல்லிவிடாதீர்கள். படம் முடிந்ததும் சபையில் வரப்போகும் வாக்குவாதத்துக்கு நேரம் ஒதுக்குங்கள், கட்டாயம் வரும்.

ஈரானை எடுத்தால் மஜீத் மஜீதியின் சில்ரன் ஒஃப் ஹெவன் (1997) சிறுவர்களோடு பார்க்க ஏற்றது. ஒரு சோடிச் சப்பாத்தை அண்ணனும் தங்கையும் பங்குபோடும் கதை. காலைப் பாடசாலைக்குத் தங்கை, பின்னேரப் பாடசாலைக்கு அண்ணன் என்ற முறை விளங்காவிட்டால் முழுக்கதையும் விளங்காது, தொடங்குமுன் சொல்லிவிடுங்கள். அடுத்து அப்பாஸ் கியாரோஸ்தமியின் வேர் இஸ் த ஃபிரென்ட்ஸ் ஹவுஸ் (1987). கடைசியில் அஸ்கர் ஃபர்ஹாதியின் எ செப்பரேஷன் (2011). அதில் கிழவர் ஒருவரைப் பராமரிக்க வந்த பெண், அவர் உடுப்பை மாற்றுவது தனக்கு ஆகுமானதா என்று தொலைபேசியில் மார்க்கத் தீர்ப்புக் கேட்கிறாள். முடிவுப் பகுதியில் குர்ஆன்மீது சத்தியம் செய்யச் சொல்லும் இடம் ஒன்று இருக்கிறது. காத்தான்குடியிலோ அக்கரைப்பற்றிலோ அந்தக் காட்சியின் பாரம் யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. தமிழ் ஊரில் போட்டால் முஸ்லிம் நண்பர் ஒருவரைக் கூப்பிட்டுக் கதைக்க வையுங்கள். ஈரானில் பெரும்பான்மை ஷீயாக்கள், நம் முஸ்லிம்கள் சுன்னிகள் என்பதையும் அவரே சொல்லட்டும். ஒன்றை மற்றதென்று நினைத்துவிடக் கூடாது.

சவூதியின் வஜ்தா (2012) பெண்பிள்ளைகளுக்கென்றே வைத்திருக்க வேண்டிய படம். சைக்கிள் வாங்கக் காசு சேர்க்கும் சிறுமி, பரிசுப் பணத்துக்காகக் குர்ஆன் ஓதும் போட்டியில் சேர்கிறாள். இயக்குநர் ஹைஃபா அல்-மன்சூர் தெருக் காட்சிகளை வான் ஒன்றுக்குள் மறைந்திருந்து இயக்கியவர். இதைப் படம் முடிந்த பிறகு சொல்லுங்கள். இரண்டாம் தடவை பார்க்கக் கேட்பார்கள்.

சீனாவுக்கு ஜியா ஜாங்கேயின் ஸ்டில் லைஃப் (2006). மூன்று பள்ளத்தாக்கு அணைக்காகத் தண்ணீருக்குள் போகும் நகரத்தில், சம்மட்டியால் கட்டடங்களை உடைக்கும் மனிதர்கள் நடுவே படமாக்கப்பட்டது. கல்லோயா அணைத் திட்டத்தின் தண்ணீரில் வயல் செய்யும் அம்பாறைக்காரர் அணைக்கு மறுபக்கம் என்ன இருந்தது என்று யோசிக்க நல்ல இடம். தென் கொரியாவின் பரசைட் (2019) பலர் தனியாகப் பார்த்திருப்பார்கள். வட்டத்தில் போட்டால் படிகளை மட்டும் கவனிக்கச் சொல்லுங்கள்: யார் ஏறுகிறார்கள், யார் இறங்குகிறார்கள்.

தமிழ் எழுத்து

ஆங்கில சப்டைட்டிலோடு போட்டால் ஆசிரியர்களும் வளாகப் பிள்ளைகளும் மட்டும் மிஞ்சுவார்கள். அம்மம்மாவும் வர வேண்டுமென்றால் தமிழில் செய்துதான் ஆக வேண்டும். இங்கேதான் உழைப்பு முழுவதும் இருக்கிறது, ஆனால் செய்யக்கூடிய வேலைதான். பேச்சு அதிகமுள்ள படத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட சப்டைட்டில் துண்டுகள் வரும். ஐந்து பேர் பிரித்து எடுத்து மூன்று கிழமை வைத்துக்கொள்ளுங்கள்; கடைசிக் கிழமை ஒருவரே முழுதும் வாசித்து ஒரே நடைக்குக் கொண்டுவர வேண்டும். இல்லாவிட்டால் பாதிப் படத்தில் தகப்பனை 'நீங்கள்' என்ற பிள்ளை மீதியில் 'நீ' என்று பேசும்.

தொடங்குமுன் ஒரு தாளில் குடும்ப மரம் வரையுங்கள். ஆங்கிலத்தில் 'அங்கிள்' என்று மட்டும் இருப்பவர் பெரியப்பாவா, சித்தப்பாவா, மாமாவா என்பதைப் படத்தைப் பார்த்து முடிவுசெய்துவிட்டே எழுத வேண்டும். கொரிய, யப்பானிய, சீனக் குடும்பங்களில் மூத்தவர் இளையவர் வேறுபாடு பேச்சிலேயே உண்டு. ஆங்கிலத்தில் விழுந்துபோனதைத் தமிழில் திருப்பி எடுக்கலாம். வஜ்தாவில் சிறுமி தாயைக் கூப்பிடும் இடத்தில் 'உம்மா' என்றே போடுங்கள், காதில் விழுவதும் அதற்குக் கிட்டத்தான்.

ஒரு துண்டுக்கு இரண்டு வரி, வரிக்கு ஐந்து சொல்லுக்கு மேல் வேண்டாம். வயதானவர் வினாடிக்கு இரண்டு சொல் வாசிப்பார் என்று கணக்கு வைத்தால், எட்டுச் சொல் நான்கு வினாடி திரையில் நிற்க வேண்டும். நேரம் போதாவிட்டால் வசனத்தை வெட்டுங்கள். நடிகரின் முகத்தில் தெரிவதை எழுத்திலும் சொல்லத் தேவையில்லை.

கோப்பில் வரும் கோளாறுகள் நாலே நாலுதான், ஆனால் தவறாமல் வரும். முதலாவது பாமினி என்ற பழைய எழுத்துரு. நம் பகுதியில் தட்டச்சு தெரிந்த பலருக்கு இன்னும் பாமினிதான் கைப்பழக்கம்; அந்தக் கோப்பு திரையில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும். யூனிகோடுக்கு மாற்றியே சேர்க்க வேண்டும். இரண்டாவது, பழைய விண்டோஸ் நோட்பேடில் சேமிக்கும்போது யூ.டி.எஃப்-8 தெரிவுசெய்யாமல் விடுவது, கேள்விக்குறிகள் வரும். மூன்றாவது, கொம்பும் காலும் இடம்மாறி விழுவது, படம் ஓட்டும் மென்பொருளான வி.எல்.சி பழைய பதிப்பாக இருக்கும், புதியதை ஏற்றி எழுத்துருவை நிர்மலா யூ.ஐ என்று வையுங்கள்.

நான்காவது நேரப் பிசகு, இதில்தான் அநேகர் தடுமாறுவது. தொடக்கத்திலிருந்து கடைசிவரை ஒரே அளவு முந்தியோ பிந்தியோ வந்தால் வி.எல்.சியில் ஜீ, ஹெச் விசைகளால் சரிசெய்யலாம். தொடக்கத்தில் பொருந்தி, போகப்போக விலகினால் அந்த விசைகளால் பயனில்லை. படம் வினாடிக்கு 25 சட்டகம் (ஃபிரேம்), எழுத்து 23.976க்கு எழுதப்பட்டது, அல்லது மறுதலையாக என்றே பெரும்பாலும் அர்த்தம். வித்தியாசம் நூற்றுக்கு நாலளவு. நூறு நிமிடத்தில் நான்கு நிமிடம் விலகும். சப்டைட்டில் எடிட் என்ற இலவச மென்பொருளில் சட்டக வேகத்தை மாற்றிப் புதிதாகச் சேமியுங்கள். முதல் நாள் இரவே படத்தின் தொடக்கம், நடு, முடிவு மூன்றையும் ஓட்டிப் பார்த்தால் இது தெரிந்துவிடும்.

மண்டபம், திரை, சத்தம்

இருட்டான மண்டபத்தில் எட்டடி அகலப் படத்துக்கு 3000 லூமன்ஸ் வெளிச்சமுள்ள மல்டிமீடியா (புரொஜெக்டர்) போதும். உயரம் நாலரை அடி வரும். வெள்ளைக் கட்டில் விரிப்பை நான்கு பக்கமும் இழுத்துக் கட்டி, பின்னால் கறுப்புத் துணி தொங்கவிடுங்கள். தனி விரிப்பில் வெளிச்சம் ஊடுருவிப் படம் மங்கும். எல்லாரும் மறப்பது திரையின் கீழ்விளிம்பின் உயரம். எழுத்து வருவது அடியில், முன்வரிசைத் தலைகள் மறைப்பதும் அதைத்தான். பாயில் இருந்தால் மூன்றடி, கதிரையில் இருந்தால் நாலரை அடி உயர்த்திக் கட்டுங்கள்.

ஸ்பீக்கர் பொக்ஸ் இரண்டும் திரைக்குப் பக்கத்தில். கலியாண வீட்டுப் பாட்டுக்கு வைத்திருக்கும் பேஸை (அடித்தொனியை) குறையுங்கள், பேச்சு தெளியும். புளூடூத்தில் சத்தம் உதட்டுக்குப் பிந்தும், வயர் போடுங்கள். இசை காதைப் பிளக்க, பேச்சு மட்டும் கேட்காவிட்டால் அது ஆறு வழி ஒலிப்பதிவு: வி.எல்.சியின் ஒலிப் பகுதியில் ஸ்டீரியோவைத் தெரிவுசெய்யுங்கள்.

கார்த்திகை முதல் தை வரை தகரக் கூரை மண்டபத்தில் வைக்கவேண்டாம். மழை பிடித்தால் ஒன்றும் கேட்காது. அந்த மாதங்களில் சீலிங் அடித்த வீட்டில் பத்துப் பேரோடு பாருங்கள். மற்ற நாட்களில் இஷா என்ற இரவுத் தொழுகை முடிந்தபின் தொடங்கினால் எல்லாருக்கும் வசதி. சடங்கு, திருவிழா, நோன்பு, சாதாரணதரப் பரீட்சை நாட்களைத் தவிருங்கள்.

வீட்டுக்கென எடுக்கும் இணையச் சந்தா ஊரைக் கூட்டிக் காட்டுவதற்கு உரிமை தராது. டிக்கெட் விற்காவிட்டாலும் இதேதான். உரிமையாளரிடம் மின்னஞ்சலில் அனுமதி கேளுங்கள். சிறிய வட்டத்துக்கு இலவசமாகவே தருபவர்கள் உண்டு. பகிரங்கக் காட்சிக்கு வேண்டிய அனுமதிகளைப் பிரதேச செயலகக் கலாசார உத்தியோகத்தரிடம் விசாரியுங்கள். கொரியத் திரைப்பட ஆவணக் காப்பகம் பழைய படங்களை ஆங்கில எழுத்தோடு யூடியூப்பில் இலவசமாகவே வைத்திருக்கிறது. வீட்டில் பார்த்துப் பழக அது நல்ல இடம்.

பார்த்த பிறகு

படம் என்ன சொல்ல வந்தது என்று கேட்காதீர்கள்; சபை பள்ளிக்கூடமாகிவிடும். யார் முதலில் சாப்பிட்டது? காசு யார் கையில் இருந்தது? செருப்பை எங்கே கழற்றினார்கள்? செத்தவரின் படத்துக்கு முன்னால் என்ன வைத்தார்கள்? இப்படிக் கேட்டால் ஒருபோதும் வாய் திறக்காதவர்களும் கதைப்பார்கள். பதில்களை ஒரு கொப்பியில் எழுதி, அதே நாட்டின் அடுத்த படம் முடிந்ததும் எடுத்து வாசியுங்கள். இரண்டாம் படத்திலும் வந்தது பெரும்பாலும் வழக்கம். வராதது இயக்குநருடையதாகவோ அந்த வகுப்பாருடையதாகவோ இருக்கலாம். வெளிநாட்டு விழாக்களுக்குப் போன படங்களோடு மட்டும் நின்றுவிடாமல், அந்த நாட்டுச் சனம் திரண்டு பார்த்த படம் ஒன்றையும் மூன்றில் ஒன்றாகச் சேருங்கள். அவர்கள் எதற்குச் சிரிக்கிறார்கள் என்பது அங்கேதான் தெரியும்.

மலேசிய இயக்குநர் யஸ்மின் அஹ்மதின் டாலன்டைம் (2009) படத்தை முதல் வருடத்தில் எடுக்க வேண்டாம். காது கேளாத தமிழ் இந்துப் பையனும் மலாய் முஸ்லிம் பெண்ணும் நேசிக்க, பையனின் தாய் எதிர்க்கும் கதை. தமிழ் வசனமும் உண்டு. தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்த ஊரில் வாழ்ந்து, தொண்ணூறுகளின் காயங்கள் முழுதும் ஆறாத இந்தக் கரையில், ஒருவரை ஒருவர் தெரியாத சபையில் அதைப் போட்டால் படம் பேசப்படாது, பழைய கணக்குத்தான் பேசப்படும். இரண்டு ஊராரும் பத்துப் பன்னிரண்டு படம் ஒன்றாக இருந்து பார்த்து, ஒரே பாயில் தேத்தண்ணி குடித்துப் பழகிய பிறகு போடுங்கள். அன்றைக்கு வேறு நிகழ்ச்சி வைக்காதீர்கள், கதைக்க ஒரு மணித்தியாலம் விடுங்கள்.