மாணவ வீரருக்குக் கழகம் பணம் கொடுப்பதாயின்

மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ ஒரு விளையாட்டுக் கழகம், வந்தாறுமூலை அல்லது ஒலுவில் பல்கலைக்கழக வளாகத்தில் படிக்கும் மாணவரைத் தன் அணியில் சேர்த்துக்கொள்ளும்போது, அவருக்குப் பணம் கொடுத்தால் அமெச்சூர், அதாவது பணத்துக்காக ஆடாத, விளையாட்டின் தூய்மை கெட்டுவிடாதா என்று செயற்குழுவில் யாராவது கேட்காமல் இருக்கமாட்டார்.

அந்தத் தூய்மையின் பிறப்பை முதலில் அறிந்துகொள்ளுங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் படகோட்ட விதிகள் உடலுழைப்பால் பிழைப்போரையே போட்டியிலிருந்து விலக்கின. பணம் வாங்காதவர் என்றால் பணம் தேவைப்படாதவர் என்பதே அங்கே பொருள். 1912 ஒலிம்பிக்கில் ஜிம் தோர்ப் வென்ற இரு தங்கங்களும், அவர் முன்னர் சிறு தொகைக்கு பேஸ்போல் ஆடியிருந்தார் என்பதற்காகவே மறு ஆண்டில் பறிக்கப்பட்டன. அமெரிக்கக் கல்லூரிகளில் பயிற்றுநர்கள் மில்லியன் கணக்கில் சம்பளம் பெற்ற காலத்திலும் ஆடியவருக்குப் புலமைப்பரிசில்தான் கிடைத்தது. 2021இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் ஒருமனதாக, வீரருக்குக் கல்லூரிகள் கொடுக்கும் கல்விச் சலுகைகளின் வரம்பை நீக்கியது; 2025இல் அங்கீகரிக்கப்பட்ட வழக்கு இணக்கத்தின்படி ஒரு கல்லூரி முதலாண்டில் ஏறத்தாழ 20.5 மில்லியன் டொலர் வரை தன் வீரர் அனைவருக்குமாகச் சேர்த்து நேரடியாக வழங்கலாம்.

நம் கழகங்களின் தொகை சிறிதென்றாலும் முறை வேண்டும். மாணவரின் பஸ் கட்டணம், சப்பாத்து, விளையாட்டுக்காக அவர் இழக்கும் டியூஷன் வருமானம் ஆகியவற்றை அவரோடு அமர்ந்து கணக்கிட்டு, அதையே அடிப்படைத் தொகையாகக் கொள்ளுங்கள். பருவம் தொடங்குமுன் தொகையைத் தீர்மானித்து, கூட்ட அறிக்கையில் எழுதி, எல்லா வீரருக்கும் கேட்கும்படி வாசியுங்கள். பொருளாளர் கையொப்பம் பெற்றே கொடுக்கட்டும். ஊரிலேயே பிறந்து, அதிகாலையில் வந்து கோடு போட்டு, வலை கட்டி ஆடும் பையனுக்கு அத்தொகை தெரியாமல் இருப்பதே அணியைப் பிளக்கும் என்பது என் எண்ணம்; கூலியை விட ஒளிவுமறைவுதான் அதிகம் கெடுக்கிறது. ஆகவே அனுசரணையாளர் இறுதியாட்டத்தின் பின் தனியாக நீட்டும் கடித உறையையும், கோலுக்கு இவ்வளவு என்ற பேச்சையும் அனுமதிக்கவேண்டாம். காயம்பட்டாலும் பரீட்சைக்காக ஆடாவிட்டாலும் தொகை குறையாது என்பதையும் அதே அறிக்கையில் சேருங்கள்.

பல்கலைக்கழக அணியிலும் ஆடுபவராயின், அங்குள்ள விளையாட்டுப் பொறுப்பாளரிடம் முன்கூட்டியே விதிகளைக் கேட்டறியவேண்டும். பாடசாலை மாணவருக்குப் பணமாக எதுவும் வேண்டாம். செலவை மட்டும் பெற்றோர் கையில் கொடுங்கள்.