உப்புக்காற்றில் கரகரக்கும் கிதார்: கன்ட்ரோல்களை வீட்டிலேயே மாற்றும் முறை

குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களில் எலக்ட்ரிக் கிதார் வைத்திருப்பவர்கள், வால்யூம் குமிழைத் திருகும்போது கரகரப்பு எழுந்தால் கம்பியின் அதிர்வை மின்னாக மாற்றும் பிக்கப் போய்விட்டது என்றே அஞ்சுகிறார்கள். குற்றம் பெரும்பாலும் அங்கே இல்லை. உப்புக்காற்றும், ஆண்டுக்கு இருமுறை வரும் பருவமழையின் ஈரமும் சேர்ந்து கேபிள் செருகும் ஜாக்கின் தகட்டிலும் ஸ்விட்சின் கால்களிலும் பச்சைக் களிம்பையும், குமிழுக்கு அடியில் இருக்கும் கன்ட்ரோலின் உள்ளே அழுக்கையும் ஏற்றியிருக்கும். ஆகவே முதலில் கான்டாக்ட் கிளீனரை அந்தக் கன்ட்ரோலின் உள்ளே சிறிது அடித்து, குமிழை இருபது முப்பது தடவை முழுவதுமாகத் திருகிப் பாருங்கள். அதிலும் தீராவிட்டால் மட்டுமே இந்த வேலையில் இறங்குங்கள். கோட்டாறு சவேரியார் திருவிழா தொடங்கி கிறிஸ்துமஸ் வரை கிதாருக்கு ஓய்விராது என்பதால், அதற்கு முன்பே முடித்துவிடுவது நல்லது.

மூன்று சிங்கிள் காயில் பிக்கப், ஒரு வால்யூம், இரண்டு டோன், ஐந்து நிலை ஸ்விட்ச் கொண்ட ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகைக் கிதாரையே இங்கே எடுத்துக்கொள்கிறேன். இதற்கு 250 கிலோ ஓம் கன்ட்ரோல் வேண்டும். ஹம்பக்கர் (இரட்டைக் காயில் பிக்கப்) என்றால் 500. டிவி மெக்கானிக் கடையில் ‘பி’ என்று குறித்த கன்ட்ரோலைக் கொடுத்தால் வாங்காதீர்கள், ‘ஏ’ வகையைக் கேளுங்கள். ‘பி’ வகையில் ஒலி நெடுந்தூரம் குறையாமலே இருந்து, கடைசியில் சட்டென்று விழுந்துவிடும். டோனுக்கான கண்டென்சர் 0.022 அல்லது 0.047 மைக்ரோஃபாரட், அதன் மேல் 223 அல்லது 473 என்றுதான் அச்சிட்டிருக்கும். மலிவான கிதார்களின் பிக்கார்டில் (கன்ட்ரோல்களைத் தாங்கும் முன்தகட்டில்) துளை சிறிதாக இருக்கும் என்பதால், பழைய கன்ட்ரோலைக் கழற்றிக் கையோடு கொண்டுபோவது வீண் அலைச்சலைத் தவிர்க்கும்.

கம்பிகளைத் தளர்த்தி, பிக்கார்டைத் திருப்பி, எந்த நிற வயர் எங்கே போகிறது என்பதை இரண்டு மூன்று கோணங்களில் படமெடுத்த பிறகே சோல்டரிங் அயர்னைச் சூடாக்குங்கள். வயர் பற்றவைக்கும் கன்ட்ரோலின் கால்களுக்கு 25 வாட் போதும். ஆனால் எர்த் வயரைப் பற்றவைக்கும் கன்ட்ரோலின் முதுகுத் தகடு சூட்டையெல்லாம் உறிஞ்சிக்கொள்ளும். அங்கே 40 வாட்டுக்குக் குறைந்தால் ஈயம் ஒட்டாமல் உருண்டையாக நிற்கும், நீங்களும் பொறுமையிழந்து அயர்னை அழுத்திப் பிடித்து உள்ளிருக்கும் கார்பனைக் கருக்கிவிடுவீர்கள். தகட்டை உப்புத்தாளால் தேய்த்து, ஃபிளக்ஸ் தடவி, முதலில் தகட்டில் மட்டும் மெல்லிய ஈயப் பூச்சு கொடுத்துவிட்டால் வயர் மூன்று நான்கு விநாடியில் பிடித்துக்கொள்ளும். மின்விசிறிக்கு நேர் கீழே உட்காராதீர்கள். புகை போகச் சன்னலைத் திறந்து வைத்தால் போதும்.

கன்ட்ரோலின் முதுகு உங்களைப் பார்க்க, கால்கள் கீழ்நோக்கி இருக்கும்படி பிடியுங்கள். வால்யூமில் ஸ்விட்சிலிருந்து வரும் வயர் இடக்காலுக்கு, ஜாக்கின் முனைக்குப் போகும் வயர் நடுக்காலுக்கு. வலக்காலை வளைத்து முதுகோடு பற்றவையுங்கள். டோனில் ஸ்விட்ச் வயர் வலக்காலுக்கு, நடுக்காலிலிருந்து கண்டென்சர் வழியாக முதுகுக்கு. இடக்கால் வெறுமனே இருக்கும். முதுகுகள் எல்லாவற்றையும் ஒரே எர்த்தில் சேர்த்து, பின்புறக் குழியில் ஸ்பிரிங் மாட்டிய தகட்டிலிருந்து வரும் வயரையும் அதோடு இணைக்க மறக்காதீர்கள். நான் ஒருமுறை மறந்து, ஒரு மாலை முழுவதும் இரைச்சலுக்குக் காரணம் தேடியிருக்கிறேன்.

திருகுகளை மாட்டுமுன் ஜாக்கில் கேபிளைச் செருகி, வால்யூமையும் டோன்களையும் முழுவதும் ஏற்றி, மறுமுனையில் மல்டிமீட்டரை 20 கிலோ ஓமில் வையுங்கள். தனிப் பிக்கப் நிலைகளில் ஏறத்தாழ 5 முதல் 7 வரை காட்டும். இரண்டு பிக்கப் சேரும் 2, 4ஆம் நிலைகளில் அதில் பாதியளவு. வால்யூமைக் குறைக்காமலே எல்லா நிலையிலும் சுழியம் என்றால் எங்கோ ஷார்ட். மீட்டர் அளவைத் தாண்டினால் வயர் பிடிக்கவில்லை. ஆம்ப்பில் (ஆம்ப்ளிஃபயரில்) போட்டபின் கம்பியைத் தொட்டதும் இரைச்சல் கூடினால், ஜாக்கின் இரு வயர்களும் இடம் மாறியிருக்கின்றன.

கம்பிகள் ஆம்ப்பின் எர்த்தோடுதான் சேர்கின்றன என்பதால், ஆம்ப்பின் மூன்று முள் பிளக்கை எர்த் இல்லாத இரண்டு முள் எக்ஸ்டென்ஷனில் மாட்டினால், பாடகரின் உதடு மைக்கில் படும்போது ஷாக் அடிக்கலாம். மைக்செட்காரரிடம் எர்த் உண்டா என்று கேட்டுவிட்டே செருகுங்கள்.