பெரிய வீட்டிலிருந்து இரண்டு படுக்கையறை ஃபிளாட்டுக்கு: சாமான் குறைப்பது எப்படி?

மயிலாடுதுறை வீட்டை விற்றுவிட்டு அப்பாவும் அம்மாவும் தாம்பரம் பக்கம் ஒரு ஃபிளாட்டுக்கு வந்தார்கள். சாமான்களைக் குறைக்கும் வேலை என் தலையில் விழுந்தது. அதே வேலையில் இறங்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். துணி மடிப்பது, பெட்டி கட்டுவது எல்லாம் உங்களுக்கே தெரியும், அதற்குள் போகவில்லை.

பரண் ஏறுவதற்கு முன் அளவு

எதைத் தூக்கிப் போடலாம் என்று கேட்டுக்கொண்டு ஆரம்பித்தால் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பஞ்சாயத்து நடக்கும். புது வீட்டில் எதற்கு இடம் இருக்கிறது என்று ஆரம்பியுங்கள். விளம்பரத்தில் போட்டிருக்கும் சதுர அடியை நம்ப வேண்டாம். அதில் படிக்கட்டு, லிஃப்ட், வராந்தா எல்லாவற்றின் பங்கும் கலந்திருக்கலாம். நமக்கு வேண்டியது கார்பெட் ஏரியா, அதாவது வீட்டுக்குள் நாம் உண்மையில் புழங்கும் தரையின் அளவு. 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டத்துக்குப் பிறகு பதிவான திட்டமென்றால் ஒப்பந்தத்திலேயே இருக்கும். எப்படியும் டேப்பை எடுத்துப்போய் ஒவ்வொரு அறையையும் நீங்களே அளந்துவிடுங்கள்.

அந்த அளவுகளைப் பழைய வீட்டுக் கூடத்தில் கோலமாவால் தரையில் போடுங்கள். கதவு உள்பக்கம் திறக்கும் இடம், ஜன்னல், பிளக் பாயின்ட் எல்லாம் வரட்டும். பிறகு கட்டிலையும் பீரோவையும் அந்தக் கோட்டுக்குள் நகர்த்திப் பாருங்கள். இதற்கென்று மொபைல் செயலிகள் இருக்கின்றன. ஆனால் திரையைக் காட்டி எழுபது வயதுக்காரரைச் சம்மதிக்க வைக்க முடியாது. இரும்பு பீரோ ஆறரை அடி உயரம், மூன்றடி அகலம், ஒன்றரை அடிக்குச் சற்று மேல் ஆழம். கதவைத் திறக்க இன்னும் ஒன்றரை அடியாவது வேண்டும். இரண்டாவது பீரோவைக் கோட்டுக்குள் வைத்ததும் நடக்க வழியில்லை என்பதை அப்பாவே பார்த்துவிட்டார். லிஃப்ட் கதவின் உயரத்தையும் படிக்கட்டின் திருப்பத்தையும் சேர்த்து அளந்து வையுங்கள்.

சொந்தக்காரர்களுக்குத் தேதி

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டு "யாருக்கு வேண்டும்?" என்று கேட்டால் பதில் வரும். "எனக்குத்தான், தை மாசம் வரும்போது எடுத்துக்கறேன், பத்திரமா வச்சிரு." இப்படி வேண்டும் என்று சொல்லி எடுக்காமல் விட்ட பொருள்தான் வீட்டை அடைக்கிறது. படத்தோடு தேதியையும் போடுங்கள். அதற்குள் எடுக்கவில்லையென்றால் கடைக்குப் போகும் என்று அத்தை, சித்தி, பெரியப்பா எல்லோருக்கும் ஒரே வரியில் சொல்லிவிடுங்கள். கொஞ்சம் முகம் தூக்குவார்கள், பரவாயில்லை.

பாத்திரம்: இங்கேதான் வண்டி நின்றது

எங்கள் வீட்டில் அம்மா, பாட்டி, அதற்கும் முந்தைய பாட்டி என்று மூன்று தலைமுறைச் சீர். அண்டா, தவலை, போணி, உருளி. எல்லாவற்றிலும் பெயர் வெட்டியிருந்தது, சிலவற்றில் கல்யாணத் தேதியும். பெயரைப் பார்த்ததும் அம்மாவின் கை நின்றுவிடும். கடைசியில் ஒரு வழி பிடித்தோம். ஒரு பெயருக்கு ஒரு பாத்திரம், அதுவும் புது அடுப்பில் ஏறக்கூடியதாகவோ பூஜை அலமாரியில் நிற்கக்கூடியதாகவோ இருக்க வேண்டும். அண்டா தானாகவே பட்டியலிலிருந்து போய்விட்டது. பித்தளையில் புளி சேர்த்துச் சமைப்பதாக இருந்தால் ஈயம் பூச ஆள் வேண்டும். புது ஊரில் அப்படி ஒருவர் கிடைப்பாரா என்று விசாரித்துவிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

விற்பதற்கு முன் ரகம் பிரிக்க வேண்டும். செம்பு, வெண்கலம், பித்தளை, எவர்சில்வர், அலுமினியம் எல்லாவற்றுக்கும் விலை வேறு. கலந்து கொடுத்தால் மட்டமானதன் விலைதான் கிடைக்கும். காந்தம் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். பித்தளை என்று நினைப்பதில் காந்தம் ஒட்டினால் அது முலாம் பூசிய இரும்பு. வெண்கலத்தைத் தட்டினால் மணி போல நீளமாக ஒலிக்கும்.

ரொம்ப முக்கியமானது ஈயச்சொம்பு. ரசம் வைக்கிற சொம்புதான். மங்கிப்போனால் பார்ப்பதற்கு அலுமினியம் மாதிரியே இருக்கும், பலர் அலுமினியக் குவியலில் போட்டுவிடுகிறார்கள். நல்ல ஈயச்சொம்பு வெள்ளீயத்தால் ஆனது, அதன் விலை செம்பைவிடவும் பல மடங்கு. கையில் தூக்கினாலே தெரிந்துவிடும், ஒரே அளவு அலுமினியத்தைவிட வெள்ளீயம் இரண்டரை மடங்குக்கும் மேல் கனம். அடுப்பில் வைத்துச் சோதிக்காதீர்கள், 232 டிகிரியிலேயே உருகிவிடும். காரீயம் (லெட், உடம்புக்குக் கேடு) கலந்த மட்டச் சொம்புகளும் உண்டு. எங்கே வாங்கியது என்று தெரியாததைச் சமையலுக்கு வைக்க வேண்டாம்.

கொக்கியில் மாட்டித் தூக்கும் சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று வாங்குங்கள். இந்த வேலைக்கென்று நான் வாங்கச் சொல்லும் ஒரே கருவி அதுதான். வீட்டிலேயே எடை போட்டு எழுதிக்கொண்டு போனால் கடையில் பேச்சே வேறு. பழசுக்குப் புதுசு வாங்கினால் ஒரு விலை, ரொக்கமாக வாங்கினால் வேறு விலை. இரண்டையும் கேளுங்கள். பழசுக்குப் புதுசு என்றால் வீட்டுக்கு மறுபடி பாத்திரம் வருகிறது என்பதை மறக்காதீர்கள்!

மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டிகளை அடுக்கடுக்காக வாங்கும் பழக்கம் எனக்குப் பிடிக்காது. அது சாமானைக் குறைப்பதில்லை, ஒளித்து வைக்கிறது. மருந்துக்கடை அட்டைப்பெட்டி போதும்.

காகிதம்

வீட்டுப் பத்திரம், மூலப் பத்திரங்கள், கட்டட அனுமதி, வாரிசுச் சான்று, ஓய்வூதிய ஆணை இவற்றின் அசல் ஒரே கோப்பில், லாரியில் ஏறாமல் உங்கள் கைப்பையில் வர வேண்டும். பட்டாவையும் வில்லங்கச் சான்றையும் அரசு இணையதளங்களில் மறுபடி எடுத்துக்கொள்ளலாம் என்பதால் அவற்றின் பழைய நகல்களுக்காக அழ வேண்டாம். அசல் பத்திரம் அப்படியல்ல.

டிரங்குப் பெட்டியில் பழைய பங்குச் சான்றிதழ்கள் கிடைத்தால் போகிக்குப் போட்டுவிடாதீர்கள். 2019 ஏப்ரல் முதல் காகிதப் பங்குகளை அப்படியே இன்னொருவர் பெயருக்கு விற்று மாற்ற முடியாது, டீமேட் ஆக்க வேண்டும், அதாவது மின்னணுக் கணக்குக்கு மாற்ற வேண்டும். ஏழு ஆண்டுகள் தொடர்ந்து டிவிடெண்ட் வாங்காமல் கிடந்திருந்தால் அந்தப் பங்குகள் மத்திய அரசின் முதலீட்டாளர் பாதுகாப்பு நிதிக்குப் போயிருக்கும். அங்கிருந்தும் விண்ணப்பித்துத் திரும்பப் பெறலாம்.

புத்தகம், துணி, கொலு

பைண்ட் செய்த பழைய வார இதழ்களை எடைக்குப் போடுவதற்கு முன், தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திடம் ஒரு பட்டியல் அனுப்பிக் கேளுங்கள். உடுத்தும் நிலையில் உள்ள துணிக்கு கூஞ்ச் போன்ற அமைப்புகள் உண்டு. கிழிந்தது துடைக்கத்தான், அதைத் தானம் என்று அனுப்பாதீர்கள்.

கொலுவில் மரப்பாச்சியையும் கலசத்தையும் வைத்துக்கொண்டு மூன்று படிக்குப் போதுமான பொம்மைகளை மட்டும் எடுத்தோம். மற்றவை புதிதாகக் கொலு ஆரம்பிக்கும் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குப் போயின. மண் பொம்மையைப் பழைய வேட்டியில் சுற்றுங்கள், செய்தித்தாளின் மை வர்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

பின்சேர்க்கை

படித்துவிட்டு இரண்டு பேர் கேட்டார்கள்: கேஸ் சிலிண்டரை லாரியில் ஏற்றலாமா? கூடாது. வேறு ஊருக்குப் போகும்போது சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் பழைய ஏஜென்சியில் ஒப்படைத்து, முன்பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு, அவர்கள் தரும் வவுச்சரைப் புது ஊர் ஏஜென்சியில் காட்ட வேண்டும். அங்கே இன்றைய முன்பணம் கட்ட வேண்டியிருக்கும். பழைய இணைப்பு என்றால் திரும்பக் கிடைப்பது அன்று கட்டிய சின்னத் தொகைதான். ஒப்படைத்த பிறகு சமைக்க வழியில்லை, கடைசி ஓரிரு நாள் சாப்பாட்டுக்கு மெஸ்ஸில் சொல்லி வைத்துவிடுங்கள்.