ஐஸில் விழாமல் இருக்க, விழுந்தால் கவனிக்க

கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் எமர்ஜென்சித் தாதியாக வேலை செய்கிறேன். பனி கொட்டுகிற நாளை விட, பகலில் உருகி இரவில் திரும்ப உறைகிற நாளுக்குத்தான் எனக்குப் பயம். விடிய வேலைக்குப் போகும்போது நிலம் ஈரம் மாதிரி மினுங்கினால், அன்றைக்கு மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ஒருவர் பின் ஒருவராக வருவார்கள். "எங்கே விழுந்தீர்கள்?" என்று கேட்டால், சொந்த வாசற்படி, குப்பைத் தொட்டியை இழுத்துக்கொண்டு போன டிரைவ்வே என்பார்கள்.

அதனால் உப்பை முதல்நாள் இரவே தூவுங்கள். சாதாரண உப்பு மைனஸ் 10க்குக் கீழே சரியாக வேலை செய்யாது. அப்படியான குளிருக்குக் கல்சியம் குளோரைட் கலந்ததை வாங்குங்கள், இல்லையென்றால் மணலாவது போடுங்கள், கால் வழுக்காது. சப்பாத்து வாங்க முதல் 'ரேட் மை ட்ரெட்ஸ்' தளத்தைப் பாருங்கள். ரொறன்ரோ ஆய்வுகூடத்தில் உண்மையான ஐஸ் மேல் ஆட்களை நடக்கவிட்டுச் சோதித்து, பிடிமானத்துக்கு ஸ்னோஃப்ளேக் குறி கொடுக்கிறார்கள். விலை கூடின சப்பாத்து எல்லாம் அதில் தேறுவதில்லை. நடக்கும்போது சின்னச் சின்ன அடி வையுங்கள். கைகளை ஜாக்கெட் பொக்கற்றில் விடாதீர்கள்.

விழுந்து கை வலித்தால், வீங்குவதற்கு முன்பே மோதிரத்தையும் காப்பையும் கழற்றுங்கள். இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன். நாற்பது வருடம் கழற்றாத கல்யாண மோதிரத்தை ஒரு அம்மாவின் விரலிலிருந்து வெட்டி எடுத்தபோது, எலும்பு முறிவுக்கு அழாதவர் அதற்கு அழுதார்.

வயதானவர் விழுந்து, ஒரு கால் கட்டையாகி வெளிப்பக்கம் திரும்பியிருந்தால் இடுப்பெலும்பு முறிந்திருக்கலாம். தூக்கி நிறுத்தாதீர்கள். 911ஐ அழைத்து, போர்வையால் போர்த்துங்கள், குளிர் கெதியாக உடலில் ஏறும். நடுக்கம் தீர என்று தேத்தண்ணி கொடுக்கத்தான் கை போகும். கொடுக்க வேண்டாம். சத்திரசிகிச்சை தேவைப்பட்டால் வயிறு வெறுமையாக இருப்பது நல்லது.

இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர் தலை அடிபட விழுந்தால், வலி இல்லாவிட்டாலும் உடனே கூட்டி வாருங்கள். மெதுவாகக் கசிகிற இரத்தம் சில மணித்தியாலம் கழித்துத்தான் தெரியவரும்.

எங்களிடம் வந்த ஒழுங்கில் பார்ப்பதில்லை. ஆபத்தை வைத்து 1 முதல் 5 வரை பிரிப்போம், 1 தான் மிக அவசரம். ஐஸ் நாளில் இடுப்பு முறிந்தவர்கள் மேல்மாடியில் கட்டில் கிடைக்காமல் எங்கள் ஸ்ட்ரெச்சரிலேயே காத்திருப்பார்கள். அப்போது அடுத்தவரைப் படுக்க வைக்க இடமில்லை, சுளுக்கோடு வந்தவர் பல மணித்தியாலம் கதிரையிலேயே இருப்பார். விரலை அசைக்க முடிகிறது, மரத்துப் போகவில்லை, கை கோணவில்லை என்றால் முதலில் 811க்கு அடியுங்கள். இரவு பகல் எந்நேரமும் ஒரு தாதி பேசுவார். வரச் சொன்னால், மருந்துப் பட்டியலையும் போன் சார்ஜரையும் எடுத்துக்கொண்டு வாருங்கள்.