படர்தாமரைக்குச் சீமை அகத்திக் களிம்பு: வீட்டிலேயே செய்யும் முறை

படர்தாமரை வட்டமாகக் கிளம்பும். நடுவில் ஆறிவிட்டது போலத் தெரியும். ஓரம் மட்டும் சிவந்து தடித்து விரிந்துகொண்டே போகும். ஆரம்ப நிலையில், உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவில் இருக்கும்போது சீமை அகத்திக் களிம்பு போட்டுப் பார்க்கலாம். இதன் இலையில் உள்ள கிரைசோபனால் போன்ற பொருள்களுக்குப் பூஞ்சையைத் தடுக்கும் குணம் உண்டு. பிலிப்பைன்ஸ் சுகாதாரத் துறை பரிந்துரைத்த பத்து மூலிகைகளில் இதுவும் ஒன்று; அங்கே இதன் பெயர் அகபுல்கோ.

முதல் முறை செய்கிறவர்கள் க்ரீம் பக்கம் போகவேண்டாம். க்ரீமில் தண்ணீர் சேரும். தண்ணீர் சேர்ந்தால் கிருமியும் வளரும், அதைத் தடுக்கத் தனி மருந்துப் பொருள் வேண்டும். எண்ணெயும் மெழுகும் மட்டும் சேர்ந்த களிம்புதான் வீட்டுக்குச் சரி.

தேவையானவை: சீமை அகத்தி இலை 200 கிராம், தேங்காய் எண்ணெய் 250 கிராம், தேன்மெழுகு 50 கிராம்.

கீரைக்கு வாங்கும் அகத்தி வேறு, இது வேறு. வண்டுகொல்லி என்றும் சொல்வார்கள். மஞ்சள் பூங்கொத்து மெழுகுவத்தியை நட்டு வைத்தது போல நிமிர்ந்து நிற்கும். காயில் நீளவாக்கில் இறக்கை மாதிரி விளிம்பு இருக்கும். பூச்சிமருந்து அடிக்காத செடியில் முற்றிய பச்சை இலையாகப் பறித்து, கழுவி, துணியில் பரப்பி ஓர் இரவு நிழலில் வாடவிடுங்கள். மறுநாள் தண்ணீர் விடாமல் இடித்துக்கொள்ளுங்கள்.

அடிகனமான பாத்திரத்தில் எண்ணெயும் இடித்த இலையும் சேர்த்துச் சிறுதீயில் வையுங்கள். அடிக்கடி கிளறவேண்டும். முதலில் சலசலவென்று நுரைக்கும். இலையிலுள்ள ஈரம் வெளியேறுகிற சத்தம் அது. சத்தம் அடங்கியதும் கொஞ்சம் இலையை எடுத்து விரலில் உருட்டிப் பாருங்கள். கொழகொழவென்று இல்லாமல் மணல் போல உதிர வேண்டும். ஒரு திரியில் அந்த எண்ணெயைத் தொட்டுக் கொளுத்தினால் சடசடவென்று வெடிக்கக்கூடாது. வெடித்தால் ஈரம் மிச்சமிருக்கிறது. நான் முதலில் செய்தபோது இந்தச் சோதனையைச் செய்யாமல் இறக்கிவிட்டேன். மூன்றாம் வாரம் டப்பாவுக்குள்ளேயே பூசணம் பூத்திருந்தது. அத்தனையையும் கொட்டினேன். அதே சமயம் இலை கருகவும் விடக்கூடாது.

அப்புறம் காய்ந்த மெல்லிய துணியில் வடிகட்டி, எண்ணெயை எடைபோடுங்கள். இலை கொஞ்சம் குடித்திருக்கும். ஐந்து பங்கு எண்ணெய்க்கு ஒரு பங்கு மெழுகு என்பது கணக்கு. துருவிய மெழுகைச் சூடான எண்ணெயில் போட்டுக் கரையவிட்டு, இரண்டு சொட்டை எவர்சில்வர் தட்டில் விட்டுப் பாருங்கள். ஆறியதும் விரலால் வழித்தால் வெண்ணெய் போல வரவேண்டும். இளகினால் இன்னும் கொஞ்சம் மெழுகு. கோடைக்கு நான் நாலுக்கு ஒன்று போடுவேன். ஈரமே இல்லாத கண்ணாடிப் புட்டியில் ஊற்றி, நன்றாக ஆறிய பிறகு மூடி, தேதி எழுதி வையுங்கள். மூன்று மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள். சிக்கு வாடை வந்தால் அதற்கு முன்பே தூக்கிப் போடுங்கள்.

முழங்கையின் உட்பக்கத்தில் சிறிது தடவி ஒரு நாள் காத்திருங்கள். எரிச்சல், தடிப்பு வந்தால் இது உங்களுக்கு ஆகாது. ஒத்துக்கொண்டால், புண்ணைக் கழுவி ஈரம் ஒற்றிய பிறகு காலையும் இரவும் மெலிதாகத் தடவுங்கள். வட்டத்துக்கு வெளியே இரண்டு சென்டிமீட்டர் வரை தடவவேண்டும், ஏனென்றால் பூஞ்சை முன்னேறுவது ஓரத்தில்தான். துண்டைத் தனியாக வைத்து, உள்ளாடையை வெயிலில் காயப்போடுங்கள். பூண்டை அரைத்து அப்புவது வேண்டவே வேண்டாம். தோல் வெந்து கொப்பளித்துவிடும். ஸ்டீராய்டு கலந்த ட்யூபும் வேண்டாம். சிவப்பும் அரிப்பும் அடங்கும், பூஞ்சை உள்ளே பரவிக்கொண்டே இருக்கும்.

தலையிலோ நகத்திலோ வந்திருந்தால் களிம்பு போதாது, உள்ளுக்கு மாத்திரை தேவைப்படும். குழந்தைகள், கர்ப்பிணிகள், சர்க்கரை நோயாளிகள், நீர் கசியும் புண் உள்ளவர்கள் இதைத் தொடாமல் நேரே தோல் மருத்துவரிடம் போங்கள். மற்றவர்களுக்கும் இரண்டு வாரம்தான் கெடு. வட்டம் சுருங்கவில்லை என்றால் மூன்றாம் வாரம் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.